அலர்ட் வந்தது சரி, யாருக்கு வந்தது?

"நாம் ஓட்டுகிற சாஃப்ட்வேரில் ஏதாவது பாதுகாப்பு ஓட்டை வெளியானால் உடனே தெரியணும், நல்ல டூல் ஒன்று சொல்லுங்க" என்று அடிக்கடி யாராவது கேட்கிறார்கள். டூலுக்குப் பஞ்சமே இல்லை. இலவசமாகவே ஒரு டஜன் இருக்கிறது, காசு கொடுத்தால் இன்னும் கலர் கலராகக் கிடைக்கும். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அந்த மெயில் யாருக்குப் போகும்? "ஐடி டீமுக்கு" என்பார்கள். ஐடி டீமில் யார், அவர் லீவில் இருந்தால் யார், அவர் போன வருஷம் வேறு கம்பெனிக்குப் போய்விட்டாரே அந்த முகவரியை யார் திறந்து பார்க்கிறார்கள் என்று கேட்டால் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

இது சும்மா நோண்டுவதற்காகக் கேட்கிற கேள்வி இல்லை. ஈக்விஃபாக்ஸ் கதை தெரிந்தவர்களுக்கு ஏன் கேட்கிறேன் என்று புரியும். அமெரிக்காவில் கடன் வரலாறு வைத்திருக்கிற மூன்று பெரிய நிறுவனங்களில் ஒன்று அது. 2017 மார்ச் 7ம் தேதி அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்கிற, ஜாவாவில் வெப்சைட் கட்ட உதவும் சாஃப்ட்வேரில் ஒரு ஓட்டை இருப்பது வெளியே வந்தது, சிவிஇ-2017-5638 என்று அதற்கு அடையாள எண். வெளியிலிருந்து வருகிற ரெக்வெஸ்டின் கன்டென்ட்-டைப் ஹெட்டரில் கொஞ்சம் விஷமமாக எழுதி அனுப்பினால் போதும், சர்வரில் நினைத்த கட்டளையை ஓட்டிவிடலாம், பாஸ்வேர்டு கூடத் தேவையில்லை. ஓட்டையை அடைக்கிற பேட்சும் தயாராகத்தான் இருந்தது. மறுநாள் 8ம் தேதி அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்புக் குழுவான யுஎஸ்-சர்ட் எச்சரிக்கை அனுப்பியது. 9ம் தேதி ஈக்விஃபாக்ஸின் பாதுகாப்புக் குழு அதை உள்ளே 400க்கும் மேற்பட்டவர்களுக்கு மெயிலில் அனுப்பி, 48 மணி நேரத்துக்குள் பேட்ச் போடுங்கள் என்றும் சொன்னது. இதுவரை பார்த்தால் ஒரு குறையும் சொல்ல முடியாது, நம்மில் பல பேர் இவ்வளவு வேகமாக இருக்க மாட்டோம்.

ஆனால் அந்த மெயில் பட்டியல் பழையது. கடன் விவரத்தில் தப்பு இருந்தால் மக்கள் புகார் செய்கிற போர்ட்டல் ஒன்று ஸ்ட்ரட்ஸில் ஓடிக்கொண்டிருந்தது, அதற்கு பேட்ச் போட வேண்டியவர்கள் அந்தப் பட்டியலில் இல்லை. 10ம் தேதியே வெளியில் யாரோ துழாவி, அந்த போர்ட்டலில் ஓட்டை இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். 15ம் தேதி கம்பெனி தன் பங்குக்கு ஸ்கேனர் ஓட்டிப் பார்த்தது, ஒன்றும் சிக்கவில்லை. மே 13லிருந்து ஜூலை கடைசி வரை திருடர்கள் உள்ளே புகுந்திருந்து டேட்டாவை அள்ளினார்கள், சுமார் 14.7 கோடி பேருடைய விவரம். அதுவும் எப்படிக் கடைசியில் தெரியவந்தது என்றால், போகிற வருகிற டிராஃபிக்கைத் திறந்து பார்க்க வேண்டிய கருவியின் சர்டிஃபிகேட் காலாவதியாகி மாதக்கணக்கில் அது குருடாக இருந்திருக்கிறது. ஜூலை 29ம் தேதி புது சர்டிஃபிகேட் போட்டதும் சந்தேகமான டிராஃபிக் கண்ணில் பட்டது. இதெல்லாம் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் அறிக்கையிலும் அரசுத் தணிக்கை அலுவலகத்தின் அறிக்கையிலும் இருக்கிறது. பாதுகாப்பு வேலையில் இருப்பவர்கள் ஒரு மாநாட்டுக்குப் போகிற நேரத்தில் இதைப் படிக்கலாம் என்பது என் கருத்து.

சரி, அலர்ட் எங்கிருந்து வருகிறது என்பதற்கு வருவோம். சிவிஇ எண்ணை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். 1999லிருந்து மைட்டர் என்கிற அமெரிக்க லாப நோக்கமற்ற நிறுவனம் நடத்துகிறது, பணம் அமெரிக்க அரசு கொடுக்கிறது. நிலத்துக்கு சர்வே எண் மாதிரிதான் அது: எந்தத் துண்டைப் பற்றிப் பேசுகிறோம் என்பதில் குழப்பம் வராமல் இருக்க உதவும், நிலம் யாருடையது, என்ன விலை போகும் என்பதெல்லாம் அதில் தெரியாது. அந்த விவரங்களைச் சேர்ப்பது என்விடி என்கிற இன்னொரு தரவுத்தளம், அதை நடத்துவது நிஸ்ட் என்கிற அமெரிக்க அரசின் தர நிர்ணய அமைப்பு. எந்தெந்த வெர்ஷனுக்குப் பாதிப்பு, எவ்வளவு தீவிரம் என்று அவர்கள் சேர்த்துக் கொடுப்பதை நம்பித்தான் பாதி ஸ்கேனர்கள் பிழைப்பு நடத்துகின்றன. 2024 பிப்ரவரியில் என்விடி அந்த வேலையைத் திடீரென்று பெருமளவு குறைத்தது. எண் வரும், ஆனால் அதற்கு எதிரே ஒன்றும் இருக்காது. அதையே நம்பியிருந்த டாஷ்போர்டுகள் எல்லாம் பச்சையாகவே இருந்தன, ஏனென்றால் சிவப்பாக்க வேண்டிய தகவலே வந்து சேரவில்லை.

அடுத்த வருஷம் ஏப்ரலில் இன்னொரு கூத்து. மைட்டரின் ஒப்பந்தம் 2025 ஏப்ரல் 16ம் தேதியோடு முடிகிறது, புதுப்பிக்கவில்லை என்று ஒரு கடிதம் வெளியே வந்து ஒரு நாள் முழுக்க உலகமே பதறியது. கடைசி நேரத்தில் அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சிசா 11 மாதம் நீட்டித்துக் கொடுத்தது. ஐரோப்பிய ஒன்றியம் மே மாதம் தன் சொந்தத் தரவுத்தளத்தைத் திறந்துவிட்டது. இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், ஒரே ஒரு ஊற்றை மட்டும் நம்பி அலர்ட் அமைக்காதீர்கள்.

என்னைக் கேட்டால் முதல் ஊற்று சாஃப்ட்வேரைக் கொடுத்தவர்களேதான். டெபியன் என்கிற லினக்ஸ் ஓட்டுகிறீர்களா, அவர்களுடைய பாதுகாப்பு அறிவிப்பு மெயிலில் சேருங்கள். உபுண்டுவா, யுஎஸ்என் என்று ஆரம்பிக்கும் அறிவிப்புகள், ஆர்எஸ்எஸ் கூட உண்டு. கிட்ஹப்பில் இருக்கிற ப்ராஜெக்ட் என்றால் மேலே வாட்ச் என்ற பட்டனை அழுத்தி, கஸ்டம் போய், ரிலீஸ், செக்யூரிட்டி அலர்ட் இரண்டை மட்டும் டிக் செய்தால் போதும். எல்லாவற்றையும் டிக் செய்தால் யாரோ எழுத்துப்பிழை திருத்தியதற்கெல்லாம் மெயில் வரும், இரண்டே நாளில் ஃபில்டர் போட்டு ஒதுக்கிவிடுவீர்கள், அதோடு முக்கியமானதும் போய்விடும். நாம் எழுதுகிற புரோகிராமுக்கு டிபென்டபாட் (கிட்ஹப்பே தருகிற சோதனை டூல்) இருக்கிறது, அது பிடிக்காதவர்களுக்கு கூகுள் நடத்துகிற ஓஎஸ்வி தரவுத்தளமும் அதன் ஸ்கேனரும் இருக்கின்றன. லைப்ரரி வெர்ஷன்கள் பதிந்திருக்கிற லாக் ஃபைலை (lock file) காட்டினால் எந்த லைப்ரரியின் எந்த வெர்ஷனில் என்ன ஓட்டை என்று நேராகச் சொல்லிவிடும்.

இந்தியாவில் இருப்பவர்கள் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சர்ட்-இன் விடுகிற குறிப்புகளையும் பார்க்கலாம், 2004லிருந்து இருக்கிறார்கள். ஆனால் பெரும்பாலும் தயாரித்த நிறுவனம் அறிவித்த பிறகுதான் அது வரும், அதனால் முதல் எச்சரிக்கையாக அதை வைத்துக்கொள்ள முடியாது. அவர்கள் விஷயத்தில் நான் ஞாபகப்படுத்துவது வேறு: 2022 ஏப்ரல் 28ம் தேதி உத்தரவின்படி, குறிப்பிட்ட வகைத் தாக்குதல்கள் நடந்தது தெரிந்த 6 மணி நேரத்துக்குள் அவர்களுக்குச் சொல்ல வேண்டும். அலர்ட்டைப் பார்க்காமல் விட்டவனுக்கு அந்த 6 மணி நேரம் ரொம்பச் சின்னது.

இந்த ஊற்றுகளையெல்லாம் வரிசையாகச் சேர்த்துவிட்டால் முடிந்ததா என்றால், இல்லை. நம்மிடம் என்ன இருக்கிறது என்ற கணக்கு இல்லாவிட்டால் வருவது அத்தனையும் குப்பை. 2024ல் மட்டும் சுமார் 40,000 சிவிஇ எண்கள் வெளியாயின. அந்த வருஷம் பிப்ரவரியில் லினக்ஸின் மையமான கெர்னலை எழுதுகிறவர்கள் தாங்களே எண் கொடுக்க ஆரம்பித்தார்கள், கெர்னலில் சரிசெய்கிற பிழை எதுவாக இருந்தாலும் பாதுகாப்புப் பிரச்சினையாக இருக்க வாய்ப்பிருந்தால் ஒரு எண் போட்டுவிடுகிறார்கள், அதனால் கெர்னலிலிருந்து மட்டுமே மழை மாதிரி கொட்டுகிறது. இதில் எனக்கு எது வேண்டும் என்று தெரிய வேண்டுமானால் என் பட்டியல் என்னிடம் இருக்க வேண்டும்.

2021 டிசம்பரில் லாக்4ஜே (ஜாவா புரோகிராம்கள் தங்கள் நடவடிக்கையைப் பதிவு செய்யப் பயன்படுத்துகிற லைப்ரரி) ஓட்டை வந்தபோது இதை நேராகவே பார்த்தோம். 9ம் தேதி வெளியானது, தீவிரத்துக்கு மதிப்பெண் 10க்கு 10. அலர்ட் வராத ஆளே இல்லை, நியூஸ் சேனலில் கூட வந்தது. அன்றைக்கு எந்த ஆபீஸிலும் "ஓட்டை இருக்கிறதா" என்று யாரும் கேட்கவில்லை, "நம்மிடம் லாக்4ஜே எங்கெல்லாம் இருக்கிறது" என்பதுதான் கேள்வி, அதற்குத்தான் பதில் இல்லை. நாம் எழுதிய ஜாவா புரோகிராமில் இருந்தால் கண்டுபிடித்துவிடலாம். வெண்டர் கொடுத்த ஏதோ ஒரு ரிப்போர்ட் சர்வரின் வார் ஃபைலுக்குள் ஒரு ஜார் (இரண்டுமே ஜாவா ஃபைல்களைக் கட்டிவைக்கிற மூட்டை), அந்த ஜாருக்குள் இன்னொரு ஜார் என்று ஒளிந்திருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? எனக்குத் தெரிந்த ஒரு இடத்தில் எல்லா சர்வரிலும் ஃபைல் பெயரை வைத்துத் தேடி, ஒன்றுமில்லை என்று மேலே சொல்லிவிட்டார்கள். பெயர் மாற்றி வேறு ஜாரோடு சேர்த்துக் கட்டியிருந்தால் அந்தத் தேடலில் மாட்டவே மாட்டாது என்று இன்னொருத்தர் சொன்ன பிறகு, ஒவ்வொரு ஜாரையும் திறந்து உள்ளே ஜேஎன்டிஐலுக்கப் என்ற கிளாஸ் இருக்கிறதா என்று பார்த்தார்கள். இருந்தது, யாரும் நினைக்காத இடங்களில். அதற்குள் 2.15.0 போதாது என்று 2.16.0 வந்து, அதுவும் போதாது என்று 2.17.0 வந்து, மாதக் கடைசியில் 2.17.1 வரை போனது. முதல் அலர்ட்டைப் பார்த்து 2.15.0 போட்டுவிட்டு டிக்கெட்டை மூடியவர்கள் கதி என்ன? அதனால்தான் ஒரு பெரிய ஓட்டை வந்தால் முதல் மெயிலோடு விட்டுவிடாமல் ஒரு இரண்டு வாரமாவது அதே எண்ணைச் சுற்றி வருகிற செய்தியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று சொல்வேன். எஸ்பிஓஎம் என்று சாஃப்ட்வேருக்குள் என்னென்ன லைப்ரரி இருக்கிறது என்ற பட்டியலை இன்று பல இடங்களில் வெண்டரிடம் கேட்டு வாங்குகிறார்கள். அந்தப் பேச்சு சூடுபிடிக்க லாக்4ஜேவும் ஒரு காரணம். சிஃப்ட் மாதிரி ஒரு இலவச டூலே கன்டெய்னர் இமேஜைப் பிரித்துப் பட்டியல் எடுத்துக் கொடுத்துவிடும், அதை ஒரு இடத்தில் சேர்த்து வைத்தால் அடுத்த லாக்4ஜே வருகிற அன்று தேடுவது சில நிமிஷ வேலை.

வெர்ஷன் எண்ணை மட்டும் பார்த்து அலறுகிற ஸ்கேனர்கள் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அலர்ட் மேல் நம்பிக்கை போவதற்குப் பாதிக் காரணம் இவைதான். 2024 ஜூலை 1ம் தேதி குவாலிஸ் நிறுவனம் தூரத்திலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் ஓப்பன்எஸ்எஸ்ஹெச்சில் ஒரு ஓட்டையை வெளியிட்டது, ரெக்ரெஷன் என்று பெயர் வைத்தார்கள், சிவிஇ-2024-6387. 2006ல் ஒருமுறை சரிசெய்த பிழை, 2020ல் எழுதிய ஒரு மாற்றத்தால் திரும்ப உள்ளே வந்துவிட்டது. அதிகாரப்பூர்வ விவரத்தில் 8.5பி1 முதல் 9.7பி1 வரை பாதிப்பு, 9.8பி1ல் சரி என்று இருக்கும். இப்போது டெபியன் 12 வைத்திருக்கும் ஒருவர் அதே நாளில் ஒழுங்காக அப்டேட் போட்டுவிட்டார் என்று வையுங்கள். அவர் சர்வர் இன்னமும் 9.2பி1 என்றுதான் சொல்லும். டெபியன் புது வெர்ஷனுக்குத் தாவாது, ஓட்டையை அடைக்கிற அந்தச் சில வரிகளை மட்டும் பழைய வெர்ஷனுக்குள் கொண்டுவந்து வைக்கும், பேக்கேஜ் எண்ணின் வாலில் டெப்12யு3 என்று மாறியிருக்கும், அவ்வளவுதான். வெளியிலிருந்து 9.2 என்பதை மட்டும் பார்த்த ஸ்கேனர் "ஆபத்து" என்று சிவப்பில் போடும், ஆடிட்டர் அதை எக்செலில் போட்டு அனுப்புவார், நீங்கள் ஒரு மணி நேரம் உட்கார்ந்து விளக்கம் எழுத வேண்டும். இதற்கு நேர் எதிரான வேடிக்கை, அதைவிடப் பழைய டெபியன் 11ல் இருந்தது 8.4, அதற்கு இந்த ஓட்டையே கிடையாது. பழசு என்றால் ஆபத்து, புதுசு என்றால் பத்திரம் என்ற கணக்கு இங்கே தலைகீழ்.

டெபியன்காரர்களுக்கு டெப்செக்கன் என்று ஒரு சின்ன புரோகிராம் இருக்கிறது. சர்வரில் போட்டிருக்கிற பேக்கேஜ்களை டெபியனின் சொந்தப் பாதுகாப்புப் பட்டியலோடு ஒப்பிடும், ஏற்கெனவே சரிசெய்த பேக்கேஜ் வந்துவிட்டது, நீ இன்னும் போடவில்லை என்பவற்றை மட்டும் காட்டு என்று சொல்ல ஒரு ஆப்ஷனும் உண்டு. அப்படி ஓட்டினால் கிடைக்கிற பட்டியல் சின்னதாக இருக்கும், ஒவ்வொரு வரியும் செய்யக்கூடிய வேலையாக இருக்கும். பார்ப்பதற்குக் கொஞ்சமும் அழகில்லாத டூல், ஆனால் மாதச் சந்தா கட்டுகிற எத்தனையோ டாஷ்போர்டுகளைவிட எனக்கு இதைத்தான் பிடிக்கும். அப்டேட் போட்ட பிறகு சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தீர்களா என்பது தனிக் கேள்வி. டிஸ்கில் புது லைப்ரரி இருக்கும், மெமரியில் பழசு ஓடிக்கொண்டிருக்கும், அதைக் காட்டிக்கொடுக்க நீட்ரீஸ்டார்ட் இருக்கிறது.

எதற்கு முதலில் ஓடுவது? பெரும்பாலான இடங்களில் சிவிஎஸ்எஸ் (ஓட்டையின் தீவிரத்துக்கு 10க்குக் கொடுக்கிற மதிப்பெண்) 9க்கு மேல் என்றால் அலர்ட், இல்லாவிட்டால் வேண்டாம் என்று ஒரு கோடு கிழித்து வைத்திருக்கிறார்கள். அந்தக் கோட்டை ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை மேல் வைத்துப் பாருங்கள். 2014 ஏப்ரலில் இணையத்தையே உலுக்கியது, சர்வரின் மெமரியிலிருந்து பாஸ்வேர்டு, ரகசியச் சாவி எல்லாம் கசிந்தது, என்விடி அப்போது அதற்குக் கொடுத்த மதிப்பெண் 5.0. எண் தப்பு என்று சொல்லவில்லை, அன்றைய சூத்திரப்படி வெறும் தகவல் கசிவுக்கு அவ்வளவுதான் வரும். அதனால் நான் முதலில் பார்ப்பது சிசாவின் கேஇவி பட்டியலை. உண்மையிலேயே எவனோ பயன்படுத்தித் தாக்கிக்கொண்டிருக்கிறான் என்று உறுதியான ஓட்டைகள் மட்டும் அதில் வரும், 2021 நவம்பரில் ஆரம்பித்தது, இப்போதும் ஆயிரத்துச் சொச்சம்தான் இருக்கிறது. ஜேசன் ஃபைலாகக் கிடைக்கும், ரான்சம்வேர் கும்பல் பயன்படுத்துவது தெரிந்தால் அதற்கும் தனி ஃபீல்டு உண்டு. அமெரிக்க அரசு அலுவலகங்களுக்கான கெடு தேதியும் போட்டிருப்பார்கள், நமக்கு அது சட்டமில்லை, ஆனால் மேலதிகாரியிடம் டவுன்டைம் கேட்கப் போகும்போது அந்தத் தேதியைக் காட்டினால் பேச்சு சீக்கிரம் முடியும். அப்புறம் ஈபிஎஸ்எஸ், அடுத்த 30 நாளில் இந்த ஓட்டையை யாராவது பயன்படுத்த எவ்வளவு வாய்ப்பு என்று தினமும் கணக்குப் போட்டுத் தருகிறார்கள். அதை இரண்டாம் வடிகட்டியாக வைத்துக்கொள்ளலாம்.

நேரம் விஷயத்துக்கு வந்தால், நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு சங்கடம் இருக்கிறது, ராத்திரி. மைக்ரோசாஃப்ட் மாதத்தின் இரண்டாம் செவ்வாய் பேட்ச் விடுவது நம் கடிகாரத்தில் இரவு பத்தரை, அவர்களுக்குக் குளிர்காலம் என்றால் பதினொன்றரை. அது பரவாயில்லை, எந்த நாள் என்று முன்கூட்டியே தெரியும். 2014 அக்டோபர் 15ம் தேதி வெப்சைட் நடத்த உதவும் ட்ரூபல் 7 சாஃப்ட்வேருக்கு வந்ததுதான் பயங்கரம். எஸ்க்யூஎல் இன்ஜெக்‌ஷன், அதாவது தரவுத்தளத்துக்குள் விஷமக் கட்டளையை நுழைப்பது, லாகின் தேவையில்லை. இரண்டு வாரம் கழித்து ட்ரூபல் பாதுகாப்புக் குழுவே ஓர் அறிவிப்பு விட்டது: அறிவித்த 7 மணி நேரத்துக்குள், அதாவது அன்று உலக நேரம் இரவு 11க்குள், பேட்ச் போடாத தளம் ஒவ்வொன்றும் கைவிட்டுப் போய்விட்டதாகவே வைத்துக்கொள்ளுங்கள் என்று. நம் நேரப்படி பாருங்கள், அறிவிப்பு வந்தது இரவு ஒன்பதரை வாக்கில், கெடு முடிந்தது விடிகாலை நாலரை. காலையில் காபி குடித்துக்கொண்டே மெயில் பார்த்தவருக்கு எல்லாம் முடிந்திருந்தது. 2018ல் அதே அளவுக்கு மோசமான இன்னொன்று வந்தபோது ட்ரூபல் ஒரு வாரம் முன்பே, மார்ச் 28ம் தேதி இந்த நேரத்துக்கு வரும், ஆளைத் தயாராக வையுங்கள் என்று சொல்லிவிட்டது. அதுவும் நமக்கு ராத்திரி பதினொன்றரைக்கு மேல்தான், ஆனால் தெரிந்தே விழித்திருக்கலாம்.

அதனால் போனில் சத்தம் போட்டு எழுப்புகிற அலர்ட் என்று ஒன்று வேண்டும், அது மிகமிகக் குறைவாக அடிக்க வேண்டும். நான் வைத்திருக்கிற விதி: இணையத்துக்கு நேராகத் திறந்திருக்கிற பொருளாக இருக்க வேண்டும், நம் பட்டியலில் இருக்க வேண்டும், கேஇவியில் ஏறியிருக்க வேண்டும் அல்லது தயாரித்தவரே உடனே போடு என்று சொல்லியிருக்க வேண்டும். இப்படிப் பார்த்தால் பெரும்பாலும் மாட்டுவது ஃபயர்வாலும் விபிஎன் பெட்டியும்தான், பாதுகாப்புக்காக வாங்கி வாசலில் வைத்த அதே பொருள்கள். மற்றதெல்லாம் காலையில் ஒரே மெயிலாகத் திரண்டு வந்தால் போதும். அந்த மெயில் ஒரு ஆளின் பெயருக்கு வரக்கூடாது, ஒரு பொது முகவரிக்கு வர வேண்டும், ஆனால் இந்த வாரம் அதைத் திறந்து பார்ப்பது யார் என்பது ஓர் ஆளின் பெயராக இருக்க வேண்டும். பொது முகவரி மட்டும் இருந்தால் அவன் பார்ப்பான் என்று இவன், இவன் பார்ப்பான் என்று அவன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்த முகவரிக்குப் பொய்யாக ஓர் அலர்ட் அனுப்பி யார் பதில் சொல்கிறார்கள் என்று பார்ப்பதும் உண்டு, இதற்காக என்னைத் திட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், திட்டட்டும்.

இன்னொரு வகை சாஃப்ட்வேருக்கு எவ்வளவு நன்றாக அமைத்தாலும் அலர்ட் வராது: ஆதரவு முடிந்தவை. சென்ட்ஓஎஸ் 7 லினக்ஸுக்கு 2024 ஜூன் 30ம் தேதியோடு முடிந்தது, பிஹெச்பி 7.4க்கு 2022 நவம்பரிலேயே. அவற்றில் புதிதாக ஓட்டை கண்டுபிடித்தாலும் அந்த வெர்ஷனுக்கு யாரும் அறிவிப்பு எழுத மாட்டார்கள், சில சமயம் பாதிப்பு இருக்கிறதா என்று சோதிக்கக்கூட மாட்டார்கள். காலை மெயிலில் அந்த சர்வர் பெயருக்கு எதிரே ஒன்றும் இருக்காது, பார்ப்பவர் நல்ல சர்வர் என்று நினைத்துக்கொள்வார். எண்ட்ஆஃப்லைஃப்.டேட் (endoflife.date) என்ற தளத்தில் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் முடிவுத் தேதி இருக்கிறது, ஏபிஐயும் உண்டு. உங்கள் பட்டியலை அதோடு ஒப்பிட்டு, முடிவதற்கு ஆறு மாதம் முன்பே அதையும் ஓர் அலர்ட்டாக அதே பொது முகவரிக்கு அனுப்ப வையுங்கள். பட்ஜெட் கேட்டு வாங்க அவ்வளவு நாளாவது வேண்டும்.